நாய் வளர்ப்பு: எதற்குக் கவலைப்படுவது, எதை விட்டுவிடுவது

ஜெர்மனியின் பான் நகருக்கு அருகில் ஓபர்காசெல் என்ற இடத்தில் 1914-இல் கல் உடைத்துக்கொண்டிருந்தவர்கள் ஒரு பழைய புதைகுழியைக் கண்டார்கள். உள்ளே ஓர் ஆண், ஒரு பெண், கூடவே சில விலங்கு எலும்புகள். புதைத்து ஏறத்தாழ 14,000 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த எலும்புகளில் ஒரு நாயும் இருக்கிறது என்பது பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தெரியவந்தது. 2018-இல் வெளியான ஓர் ஆய்வு அந்த நாயின் பற்களை நுணுக்கமாகப் பார்த்தது. இறந்தபோது அதற்குச் சுமார் ஏழு மாத வயது. பல் எனாமலில் இருந்த சேதத்தைப் பார்த்தால், இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பே கடுமையான நோய் கண்டிருக்கிறது, பெரும்பாலும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய். குறைவதும் திரும்புவதுமாக நோய் வாரக்கணக்கில் இழுத்திருக்கிறது. யாரோ அதன் உடம்பைச் சூடாக வைத்து, துடைத்துவிட்டு, தண்ணீர் புகட்டியிருந்தால் ஒழிய அத்தனை நாள் தாங்கியிருக்காது என்பது ஆய்வாளர்களின் முடிவு. வேட்டைக்கோ காவலுக்கோ அந்தக் குட்டியால் எந்தப் பயனும் இருந்திருக்க முடியாது. ஆனாலும் பார்த்துக்கொண்டார்கள்.

நாய் வளர்ப்பவர்களிடம் மற்றவர்கள் கேட்பது இன்றும் அதே கேள்விதான்: எதற்கு இந்தப் பாடு? சந்தோஷம் இவ்வளவு, தொல்லை இவ்வளவு என்று தனித்தனியாகக் கூட்டிப் பார்க்க முடியும் என்ற நினைப்பில் வரும் கேள்வி அது. வளர்ப்பவர்களுக்குத் தெரியும், அப்படிப் பிரிக்க முடியாது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் துள்ளி ஓடிவருகிற அதே உயிர்தான், ஒரு நாள் எழுந்து வராவிட்டால் வயிற்றைக் கலக்கவும் வைக்கிறது. கவலையை ஒழிக்க வழியில்லை. ஆனால் அதைச் சரியான இடத்தில் வைக்க முடியும். நான் பார்த்த வரையில் பல வீடுகளில் கவலை தவறான இடத்தில்தான் குவிந்து கிடக்கிறது. ஒருவேளை சாப்பிடவில்லை என்றால் வீடே பதறும். தடுப்பூசி மூன்று மாதமாகத் தள்ளிப்போவதை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

முதலில் சந்தோஷத்தைப் பேசிவிடலாம். அது வெறும் மனப்பிரமை இல்லை. ஜப்பானின் அசாபு பல்கலைக்கழகத்தில் மிஹோ நாகசாவா, டகேஃபுமி கிகுசுய் குழுவினர் 2015-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாயும் வளர்ப்பவரும் ஒருவரை ஒருவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தால் இருவர் உடம்பிலும் ஆக்ஸிடோசின் கூடுகிறது. தாய்க்கும் கைக்குழந்தைக்கும் இடையே பாசத்தைப் பிணைக்கும் அதே ஹார்மோன். மனிதர் கையால் வளர்ந்த ஓநாய்களிடம் இது நடக்கவில்லை. 2019-இல் ஜூலியானே காமின்ஸ்கி குழுவினர் நாய், ஓநாய் இரண்டின் முகத்தசைகளையும் ஒப்பிட்டார்கள். புருவத்தின் உட்பக்கத்தைத் தூக்கும் தசை நாய்களிடம் நன்றாக வளர்ந்திருக்கிறது. ஓநாய்களிடம் அது இல்லாதது போலத்தான். நாய் புருவத்தைத் தூக்கினால் கண் பெரிதாகத் தெரியும், முகம் சோர்ந்த குழந்தை முகமாக மாறும். நம் மனசு கேட்காது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதர்கள் அந்த முகத்தைத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து வளர்த்ததன் விளைவு அது என்பது அவர்கள் கருத்து.

உடல்நலத்துக்கு நல்லது என்றும் சொல்கிறார்கள். ஸ்வீடனில் 34 லட்சம் பேரின் பதிவுகளை 12 ஆண்டு அளவில் ஆராய்ந்து உப்சாலா பல்கலைக்கழகத்தினர் 2017-இல் வெளியிட்ட முடிவு இது: தனியாக வாழ்பவர்களில் நாய் வைத்திருப்போருக்கு இறப்பு அபாயம் 33 சதவீதம் குறைவு. நாயால் ஆரோக்கியம் வந்ததா, ஆரோக்கியமாக நடமாடுகிறவர்கள்தான் நாய் வளர்க்க முன்வருகிறார்களா என்பதை இந்த மாதிரி ஆய்வால் உறுதியாகச் சொல்ல முடியாது. இருந்தாலும், மழையோ பனியோ தினமும் வெளியே கூட்டிப்போயே ஆக வேண்டும் என்ற கட்டாயம் ஒரு மனிதனுக்கு என்ன செய்யும் என்பதைத் தனியாக இருக்கிற எவரும் சொல்வார்கள்.

சிக்கலும் அந்த முகத்திலேயே இருக்கிறது. நாம் அதில் நம் உணர்ச்சிகளைப் படிக்கிறோம். வீட்டுக்குள் நுழைகிறோம், தலையணை கிழிந்து பஞ்சு பறக்கிறது. நாய் காதை மடித்து, தலையைக் குனிந்து, ஓரக்கண்ணால் பார்க்கிறது. ‘தப்பு செய்தது அதற்கே தெரியுது பாரு’ என்கிறோம். அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் இதைச் சோதித்துப் பார்த்தார். தின்னக் கூடாது என்று சொல்லி வைத்த பண்டத்தைச் சில நாய்கள் தின்றன, சில தின்னவில்லை. ஆனால் தின்றதா இல்லையா என்பதை வளர்ப்பவர்களிடம் மாற்றியும் சொன்னார்கள். அந்தக் ‘குற்ற முகம்’ நாய் தின்றதைப் பொறுத்து வரவில்லை, வளர்ப்பவர் திட்டியதைப் பொறுத்தே வந்தது. ஒரு தப்பும் செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம்தான் அது கூடுதலாகத் தெரிந்தது. அதாவது அந்த முகத்துக்குப் பொருள் ‘மன்னித்துவிடு’ இல்லை, ‘கோபப்படாதே, பயமாக இருக்கிறது’ என்பதுதான். எப்போதோ கிழித்த தலையணைக்காக இப்போது அடி வாங்கும் நாய் கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: நீங்கள் வீட்டுக்கு வரும் நேரம் ஆபத்தான நேரம்.

‘நாய்க்கு யார் தலைவன் என்று காட்ட வேண்டும்’ என்ற பேச்சும் இப்படித்தான் கெடுதல் செய்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதை விடுவது சுலபம். ருடால்ஃப் ஷெங்கெல் என்பவர் 1947-இல், சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குப் பூங்காவில் அடைபட்டிருந்த ஓநாய்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்வதைப் பார்த்து எழுதினார். தலைமைக்கான போட்டி என்ற கருத்து அதிலிருந்து வளர்ந்தது. பின்னால் ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் அதைப் பரவலாக்கினார். பிறகு அவரே காட்டு ஓநாய்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தபோது, கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் அடங்கிய குடும்பம் என்று கண்டார். தலைமைக்காகச் சண்டை போட்டு ஜெயிப்பதாகச் சொல்வது பொருந்தாது என்று 1999-இல் எழுதவும் செய்தார். அந்தக் கருத்தை வைத்து நாயை மல்லாக்கத் தள்ளி அழுத்துவது, கழுத்தைப் பிடித்து உலுக்குவது எல்லாம் இன்னும் தொடர்கிறது. உறுமியதற்காக அடி வாங்கிய நாய் பயத்தை விட்டுவிடுவதில்லை, உறுமுவதைத்தான் விட்டுவிடுகிறது. அடுத்த முறை முன்னறிவிப்பு இல்லாமல் கடிக்கும். உறுமல் நமக்குக் கிடைத்த எச்சரிக்கை. அதைக் காப்பாற்றி வைத்துக்கொள்ள வேண்டும். எது அதை உறுமவைத்தது என்று பார்த்து, அதை மாற்றுவதுதான் நம் வேலை.

மீட்டெடுத்த நாய்களிடம் இதெல்லாம் பல மடங்கு பெரிதாகத் தெரியும். காப்பகத்துக்குள் வந்த முதல் மூன்று நாட்களில் நாய்களின் ரத்தத்தில் மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் மிக அதிகமாக இருக்கிறது என்று மைக்கேல் ஹென்னெஸி குழுவினர் 1990-களிலேயே அளந்து காட்டினார்கள். ஒரு வீட்டுக்கு வருவதும் நாய்க்கு அதே மாதிரி அதிர்ச்சிதான். நமக்கு அது மீட்பு, அதற்கோ இன்னொரு கடத்தல். வாசனை வேறு, சத்தம் வேறு, ஆட்கள் வேறு.

முதல் சில நாட்கள் எப்படி இருக்கும்? கட்டிலுக்கு அடியில், சுவரோடு சுவராக ஒட்டிப் படுத்திருக்கும். தட்டை வைத்துவிட்டு நாம் அறையை விட்டு நகர்ந்தால்தான் கழுத்தை நீட்டும். ஒரு வாய் கவ்விக்கொண்டு உள்ளே போய்த் தின்னும், திரும்ப வந்து ஒரு வாய். துடைப்பத்தையோ குடையையோ எடுத்தால் படுத்த இடத்திலேயே சிறுநீர் கழித்துவிடும். கண் மூடித் தூங்குவதாகத் தெரியும், ஆனால் காது நம் பக்கமே திரும்பியிருக்கும். அந்த நேரத்தில் நம் பாசத்தை எல்லாம் அதன்மேல் கொட்டத் தோன்றும். கொட்டக் கூடாது. குளிப்பாட்டுவது, சொந்தக்காரர்களைக் கூட்டி வந்து காட்டுவது, தூக்கி மடியில் வைப்பது எல்லாம் அப்புறம் ஆகட்டும். அதற்கு ஒரு மூலை, தண்ணீர், ஒரே நேரத்தில் சாப்பாடு, அதட்டாத குரல், அவ்வளவு போதும். தரையில் பக்கவாட்டில் உட்கார்ந்து, அதைப் பார்க்காமல் ஏதாவது படித்துக்கொண்டிருப்பது பல நேரங்களில் கொஞ்சுவதைவிட நல்ல பலன் தரும். ஒரு நாள் அது காலை நீட்டிப் பக்கவாட்டில் சாய்ந்து தூங்கும், அல்லது நாம் பார்க்கும்போதே வீட்டை மோப்பம் பிடித்துக்கொண்டு சுற்றி வரும். அப்போது மூச்சு விடலாம்.

காப்பகங்களில் ‘மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம்’ என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். மூன்று நாளில் பதற்றம் தணியும், மூன்று வாரத்தில் வீட்டு வழக்கம் பிடிபடும், மூன்று மாதத்தில் ‘இது என் வீடு’ என்ற நிலை வரும் என்று பொருள். இது அறிவியல் விதி இல்லை, அனுபவக் கணக்கு. தத்து எடுத்தவர்கள் முதல் வாரமே மனம் தளர்ந்து நாயைத் திருப்பிவிடாமல் இருக்க இது உதவுகிறது என்பதால் எனக்கு இந்தக் கணக்குப் பிடிக்கும். சில நாய்களுக்கு ஒரு வருடம்கூட ஆகும். இரண்டாம், மூன்றாம் வாரத்தில் புதிதாகப் பிரச்சினைகள் கிளம்பும்போது ‘நன்றாக இருந்த நாய் கெட்டுப்போச்சு’ என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மையில் பயத்தில் உறைந்திருந்த நாய் அப்போதுதான் தன் இயல்பைக் காட்டத் தொடங்குகிறது. தட்டுப் பக்கம் போனால் உறுமும், பொம்மையை விடாது, ஆள் வெளியே போனால் ஊளையிடும்.

தட்டைக் காக்கும் பழக்கத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் கடி வாங்கும் சந்தர்ப்பங்களில் இதுவும் ஒன்று. பசியில் வாழ்ந்த நாய்க்குத் தட்டு என்பது உயிர். சாப்பிடும்போது கையை விட்டுத் தட்டை எடுத்துப் பழக்க வேண்டும் என்று சிலர் அறிவுரை சொல்வார்கள். அது நாயின் பயம் சரியானதுதான் என்று அதற்கே நிரூபித்துக் காட்டுவதாகும். இதற்கு நேர் எதிராகச் செய்ய வேண்டும்: அது சாப்பிடும்போது நாய் நிமிர்ந்து பார்க்காத தூரத்தில் கடந்துபோய், தட்டில் இருப்பதைவிட ருசியான ஒரு துண்டை எறிந்துவிட்டு நிற்காமல் போய்விடுவது. நாட்கள் போகப் போகத் தூரத்தைக் குறைப்பது. ஆள் வந்தால் சாப்பாடு போகும் என்றிருந்தது, ஆள் வந்தால் கூடுதலாக வரும் என்று மாறும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இந்தப் பயிற்சியைக்கூடச் செய்ய வேண்டாம். கதவைச் சாத்தித் தனியாகச் சாப்பிட விடுவதே பாதுகாப்பு.

தப்பி ஓடுவது இன்னொரு நியாயமான கவலை. புதிய நாய்கள் தொலைந்துபோவது பெரும்பாலும் முதல் சில வாரங்களில்தான், அதுவும் பயத்தில். பயந்த நாய் பின்னால் இழுத்தால் கழுத்துப்பட்டை தலை வழியாகக் கழன்றுவிடும். மார்பையும் வயிற்றையும் சுற்றி இறுகப் பிடிக்கும் பட்டையும் கழுத்துப்பட்டையும் சேர்த்து, இரண்டிலும் கயிறு மாட்டித்தான் வெளியே கூட்டிப்போக வேண்டும். வாசல் கதவை யார் திறந்தாலும் நாய் எங்கே என்று பார்த்துவிட்டுத் திறப்பது வீட்டில் எல்லோருக்கும் பழக வேண்டும்.

அப்புறம், நேரடியாகச் சொல்லிவிட வேண்டிய ஒன்று. பாசம் வைத்தால் எல்லா நாயும் முழுதாக மாறிவிடும் என்பது உண்மை இல்லை. குட்டிகளுக்கு மூன்றாம் வாரத்திலிருந்து 12, 14 வாரம் வரை ஒரு பருவம் உண்டு. அந்தப் பருவத்தில் பார்த்தவை, கேட்டவை எல்லாம் வாழ்நாள் முழுக்க ‘சாதாரணம்’ ஆகிவிடும். ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும் அமெரிக்காவில் பல ஆண்டு செய்த ஆய்வுகள் இதை நிறுவின. அந்த வாரங்களை இருட்டுக் கூண்டிலோ, மனிதர் துரத்திக்கொண்டே இருந்த இடத்திலோ கழித்த நாய்க்குச் சில பயங்கள் கடைசிவரை நிற்கும். இடிச்சத்தத்துக்கு நடுங்கும், அந்நியர் வந்தால் ஒளியும். அதை ‘சரிசெய்து’ காட்டுவது வளர்ப்பவரின் கடமை இல்லை. விருந்தாளி வந்தால் நாயை வேறு அறையில் விடுவது தோல்வி இல்லை, நாயைப் புரிந்துகொண்டு நடப்பது.

நம்பிக்கை தருவதும் இருக்கிறது. புடாபெஸ்டில் மார்டா காட்சி என்ற ஆய்வாளரின் குழுவினர் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், காப்பகத்தில் இருந்த நாய்கள் பத்து நிமிடம் வீதம் மூன்றே முறை ஒருவர் கவனித்துக்கொண்ட பிறகு அவரிடம் பற்றுக் காட்டத் தொடங்கின. கொல்கத்தாவின் ஐசர் என்ற அறிவியல் ஆய்வு நிறுவனத்தில் அனிந்திதா பத்ரா குழுவினர் தெருநாய்களிடம் பார்த்தது இன்னும் சுவையானது. அறிமுகமில்லாத ஒருவர் திரும்பத் திரும்ப வந்தபோது, அவர் கொடுத்த சாப்பாட்டைவிட அவர் தடவிக்கொடுத்ததுதான் நாய்களுக்கு அவர்மேல் நீடித்த நம்பிக்கையை வளர்த்தது. 2017-இல் இது வெளியானது. சாப்பாட்டுக்காகத்தான் வாலாட்டுகிறது என்று அலட்சியமாகச் சொல்பவர்களிடம் இதைச் சொல்லலாம்.

இனி உடம்பு. நோய் விஷயத்தில் கவலை மூன்று இடங்களில் இருந்தால் போதும்: தடுப்பூசி, எடை, அவசர அறிகுறிகள்.

குட்டிக்கு ஏன் தடுப்பூசி திரும்பத் திரும்பப் போடுகிறார்கள் என்று பலர் கேட்கிறார்கள். ஒன்று போட்டாயிற்றே என்று நிறுத்தியும் விடுகிறார்கள். காரணம் சீம்பாலில் இருக்கிறது. பிறந்த குட்டி குடிக்கும் சீம்பால் வழியாகத் தாயின் எதிர்ப்புப் பொருள்கள் அதன் ரத்தத்துக்குப் போகின்றன. அவை குட்டியைக் காக்கும். ஆனால் அவை இருக்கும்வரை தடுப்பூசியையும் வேலை செய்யவிடாது. எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், குறைந்தது 16 வாரம் ஆகும்வரை போட்டுக்கொண்டே வர வேண்டும். நடுவில் விட்டால் பாதுகாப்பு இல்லாத ஓர் இடைவெளி விழும், பார்வோ நுழைவது அங்கேதான். 1978 வாக்கில் உலகம் முழுக்கத் தலைகாட்டிய இந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில், சில சூழல்களில் ஓராண்டுகூட உயிரோடு இருக்கும். சாதாரண சோப்புக்குச் சாகாது, பிளீச்சிங் கரைசல்தான் வேண்டும். பார்வோவில் குட்டியை இழந்த வீட்டுக்கு, தடுப்பூசி முடியாத இன்னொரு குட்டியை உடனே கொண்டுவரக் கூடாது. மீட்டு வந்த நாயை வீட்டு நாயோடு சேர்ப்பதற்கு முன் இரண்டு வாரமாவது தனியே வைப்பதும் இதனால்தான். குட்டி சோர்ந்து, வாந்தி எடுத்து, ரத்தம் கலந்து பேதியானால் நாளைக்குப் பார்க்கலாம் என்று வைக்காதீர்கள். சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலும் பிழைக்காது. நேரத்தோடு மருத்துவமனையில் சேர்த்து ட்ரிப்ஸ் ஏற்றினால் பெரும்பாலானவை பிழைத்துக்கொள்கின்றன.

ரேபிஸ் மனிதருக்கும் எமன். உலக அளவில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இறப்பதாக மதிப்பிடுகிறார்கள். மனிதருக்கு வருவதில் 99 சதவீதம் நாய்கள் வழியாகத்தான். அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற அநேகமாக வழி கிடையாது. ஆனால் ஓர் ஊரில் 70 சதவீத நாய்களுக்குத் தடுப்பூசி போட்டால் பரவல் அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. கடித்தாலோ கீறினாலோ உடனே சோப்பும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். தெருநாய்களை மீட்கும் வேலையில் இருப்பவர்கள் கடி வாங்கும்வரை காத்திராமல் முன்கூட்டியே தங்களுக்கும் தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. நாய்க்குப் போடச் சொல்வார்கள், தங்களுக்குப் போடுவதை மறந்துவிடுவார்கள்.

எடை விஷயம் பாசத்தோடு நேரடியாக மோதும். லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு அதன் ஜோடியைவிட 25 சதவீதம் குறைவாக வாழ்நாள் முழுக்கச் சாப்பாடு கொடுத்து ஒரு நீண்ட ஆய்வு நடந்தது. 2002-இல் முடிவு வெளியானது. குறைவாகச் சாப்பிட்ட நாய்கள் சராசரியாக ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டு வலியும் தாமதமாகவே வந்தது. நாயின் வாழ்நாளில் இரண்டு ஆண்டு என்பது கொஞ்சமில்லை. விலா எலும்புகள் கண்ணுக்குத் தெரியாமல், ஆனால் விரலால் தடவினால் எளிதில் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கியிருக்க வேண்டும். பட்டினி கிடந்து மீண்ட நாய்க்கு மனசு தாங்காமல் அள்ளிப் போடுவதைத்தான் அதிகம் பார்க்கிறேன். பல நாள் பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாகக் கொடுத்தால் ரத்தத்தில் உப்புகளின் சமநிலை குலைந்து உயிருக்கே ஆபத்தாகும். மருத்துவர் சொல்கிறபடி சிறுகச் சிறுகத்தான் ஏற்ற வேண்டும்.

எதற்கு ஓட வேண்டும்? வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வராமல் தவித்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். மார்பு ஆழமான பெரிய நாய்களுக்கு இது வரும், மணி நேரங்களில் உயிர் போகும். கருத்தடை செய்யாத பெண் நாய், இனச்சேர்க்கைப் பருவம் முடிந்த சில வாரங்களில் சோர்ந்து, தண்ணீராகக் குடித்துத் தள்ளினால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். ஈறு வெளுத்துப் போனால், சிறுநீர் வராமல் முக்கினால், வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் யோசிக்கவே வேண்டாம். வெயிலில் மூச்சிரைப்பு அடங்காமல் தள்ளாடினால் முதலில் தண்ணீர் ஊற்றிக் காற்று படவைத்துக் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் பயணம். நாய்க்குப் பாதத்தைத் தவிர வேறெங்கும் வியர்த்து உடம்பு ஆறாது. சப்பை மூக்கு இனங்களுக்கு மூச்சு வழியும் குறுகல். திராட்சை, சாக்லேட், வெங்காயம், சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சைலிட்டால் ஆகியவை விஷம். நமக்குப் போடும் பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் மாத்திரைகளை நாமாகக் கொடுக்கவே கூடாது.

எதை விட்டுவிடலாம்? சுறுசுறுப்பாக இருக்கும் வளர்ந்த நாய் ஒருவேளை சாப்பிடாவிட்டால் கவலை வேண்டாம். மூக்கு காய்ந்திருந்தால் காய்ச்சல் என்பதில் உண்மையில்லை. நாயின் இயல்பான வெப்பம் பாரன்ஹீட்டில் 101 முதல் 102.5 வரை இருக்கும், அளந்துதான் சொல்ல முடியும். தூக்கத்தில் கால் உதறுவது, முனகுவது, எப்போதாவது புல் மேய்வது எல்லாம் சாதாரணம்.

வலி மட்டும் தனி. நாய் வலித்தால் கத்தும் என்று எதிர்பார்க்கிறோம். திடீர் வலிக்குக் கத்தும், நாள்பட்ட வலிக்குக் கத்தாது. வயதான நாய் படிக்கட்டின் முன்னால் ஒரு நொடி நின்று யோசிக்கும். முன்னங்கால் மணிக்கட்டை ஒரே இடத்தில் நக்கி நக்கி முடி பழுப்பேறியிருக்கும். உட்காரும்போது ஒரு பின்னங்கால் பக்கவாட்டில் விலகிப் போகும். முன்பு எல்லோரோடும் படுத்தது இப்போது தனியாகப் படுக்கும், குழந்தை மேலே சாய்ந்தால் முறைக்கும். ‘வயசாயிடுச்சு, அதான் சோம்பல்’ என்று விட்டுவிடுகிறோம். இதில் பல மருந்தால் குறையக்கூடியவை. நாய் நடப்பதை மாதம் ஒருமுறை செல்போனில் வீடியோ எடுத்து வைத்தால், கண்ணுக்குப் பழகிப்போன மாற்றம் ஒப்பிடும்போது பளிச்சென்று தெரியும். மருத்துவரிடம் காட்டவும் அது உதவும்.

பார்த்துக்கொள்பவரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மேரி பெத் ஸ்பிட்ஸ்நாகல் 2017-இல், நாள்பட்ட நோயுள்ள செல்லப்பிராணிகளைக் கவனிப்பவர்களை ஆராய்ந்தார். நோயாளி உறவினரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு வரும் சுமை, பதற்றம், மனச்சோர்வு இவர்களுக்கும் வருவதைக் கண்டார். தெருவில் மீட்புப் பணி செய்பவர்களுக்கு இது இன்னும் கனம். மேற்கு வங்கத்தில் தெருநாய்க் குட்டிகளைப் பின்தொடர்ந்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், ஏழு மாதம் வரை பிழைத்தவை 19 சதவீதம்தான். இறப்புகளில் 63 சதவீதத்துக்கு ஏதோ ஒரு விதத்தில் மனிதர்கள் காரணம். இதைத் தினமும் கண்ணால் பார்ப்பவரால் ‘இடமில்லை’ என்று சொல்ல முடிவதில்லை. ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நினைக்கிறேன். ஐந்து நாய்க்கு இருக்கும் நேரமும் பணமும் பதினைந்துக்குப் பங்கிடப்படும்போது முதலில் தள்ளிப்போவது சிகிச்சை. எடுத்து வந்து வைத்துக்கொள்வது மட்டும் உதவி இல்லை. கருத்தடைக்குக் கூட்டிப்போவதும் உதவிதான், சில நாள் தற்காலிகமாக வைத்துக்கொள்வதும் உதவிதான். காப்பக நாய்களை ஓரிரு இரவு ஒரு வீட்டில் தங்கவைத்தாலே அவற்றின் கார்டிசால் குறைகிறது என்று லிசா கன்டர் குழுவினர் 2019-இல் காட்டினார்கள். காப்பகத்துக்குத் திரும்பியதும் அது பழைய அளவுக்கு வந்துவிட்டது, அதைத் தாண்டிக் கூடவில்லை.

கடைசியில் வரும் முடிவுதான் எல்லாவற்றையும்விடப் பாரம். கருணைக்கொலை எப்போது என்ற கேள்விக்கு ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஓர் அளவுகோல் வகுத்தார். வலி கட்டுக்குள் இருக்கிறதா, சாப்பிடுகிறதா, உடம்பில் நீர் இருக்கிறதா, சுத்தமாக வைக்க முடிகிறதா, எதிலாவது மகிழ்ச்சி காட்டுகிறதா, நடமாட்டம் உண்டா, நல்ல நாட்கள் கெட்ட நாட்களைவிட அதிகமா என்று ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுத் தேதியோடு குறித்து வந்தால், பாசமும் பயமும் மாறி மாறி இழுக்கும் நேரத்தில் பிடித்துக்கொள்ள ஒன்று கிடைக்கும். வீட்டில் ஒருவர் ‘போதும்’ என்றும் இன்னொருவர் ‘இன்னும் கொஞ்ச நாள்’ என்றும் சொல்லிச் சண்டை வருவதையும் அது தணிக்கிறது.

போன பிறகு வரும் துக்கத்துக்கு ஊரார் இடம் தருவதில்லை. ‘நாய்தானே, இன்னொன்று வாங்கிக்கோ’ என்பார்கள். சமூகம் அங்கீகரிக்காத இழப்புகள் கூடுதல் காலம் வதைக்கும் என்று துக்கத்தைப் பற்றி ஆராய்ந்த கென்னத் டோகா எழுதியிருக்கிறார். அழ வேண்டும் என்றால் அழுதுவிடுங்கள், புரிந்துகொள்ளும் ஒருவரிடம் பேசிவிடுங்கள்.

வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் அதையும் கவனிக்க வேண்டும். இத்தாலியில் 400-க்கும் மேற்பட்ட வளர்ப்பவர்களிடம் கேட்டு 2022-இல் வெளியிட்ட ஆய்வில், துணை நாய் இறந்த பிறகு மீதமிருந்த நாயின் நடத்தை மாறியதாக 86 சதவீதத்தினர் சொன்னார்கள். விளையாட்டும் பசியும் குறைகின்றன, தூக்கம் கூடுகிறது, ஆளை விடாமல் ஒட்டிக்கொள்கிறது. சாப்பாட்டு நேரத்தையும் நடை நேரத்தையும் மாற்றாமல் அப்படியே வைத்திருங்கள். அது இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தால் துக்கம் என்று முடிவுகட்டிவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரே வீட்டில் இருந்த நாய்கள் என்பதால், முதல் நாய்க்கு வந்த தொற்று இதற்கும் வந்திருக்கலாம்.